வெள்ளிக் கட்டத்தில் எழுதிய மழை

ஜூன் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குப் பௌதிகவியல் துறையின் மேல்மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைமாட்டில் பீடாதிபதி. அவருக்கு வலப்பக்கத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே, பேராசிரியர் முபாறக். இடப்பக்கத்தில் பதிவாளர் அலுவலகத்துப் பெண் உத்தியோகத்தர், மடியில் கோவையோடு. சுவரில் தொங்கிய திரையில், கொழும்பிலிருந்து, வெளிவாரிப் பரீட்சகர். அவர் முகமும் பின்னால் ஒரு புத்தக அலுமாரியும் மட்டும் தெரிந்தன. மேசையின் கால்மாட்டில், கதவை ஒட்டி, முஸ்பிறா. அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஆறு வெறுங்கதிரைகள் கிடந்தன. பக்கத்தில் வந்து உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் நகரவில்லை.

அங்கே இருந்திருக்க வேண்டிய இன்னொருவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஒரு மணித்தியாலமும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். இறக்காமத்து வட்டவிதானை ஷரிபுதீன். குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று முறைவைக்கிற மனிதர். நான்கு வருடங்கள், ஒரு சதம் கூலி வாங்காமல், தன் வளவில் நட்டிருந்த மழைமானியை அளந்து முஸ்பிறாவுக்கு எழுதிக் கொடுத்தவர்.

முஸ்பிறா சாய்ந்தமருதுக்காரி. வளிமண்டலப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து எட்டு வருடமாகிறது. அவள் படித்தது பின்னேரத்து இடிமழையை. கடற்காற்று கரையேறி, உள்ளே போகப்போக மேகத்தைத் தூக்கி, எங்கே எத்தனை மணிக்கு மழையாக இறக்குகிறது என்பது கேள்வி. அதற்காகக் கரையிலிருந்து உள்ளே மூன்று இடங்களில் மானி வைத்தாள். கல்முனையில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒன்று, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் முற்றத்தில் ஒன்று. இரண்டும் தாமே நேரம் பதியும் கருவிகள். மூன்றாவதையும் அப்படித்தான் இறக்காமத்தில் வைத்தாள். இரண்டாம் மாதமே யானை வந்து கம்பத்தை அடியோடு சாய்த்துவிட்டுப் போனது. இன்னொன்று வாங்கப் பேராசிரியர் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சாதாரணக் கைமானி, ஷரிபுதீன், கிழமைக்கு ஒரு தாள்.

அந்தத் தாள்களிலிருந்து யாரும் அறியாத ஒரு புதினம் தெரியவந்தது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இன்று இரவு பெய்தால், இறக்காமத்தில் பல வேளைகளில் நாளை இரவு பெய்தது. பேராசிரியர் அதற்கு ‘மறுநாள் மழை’ என்று பெயர் வைத்தார். நனைந்த வயல்மண் அடுத்த நாள் வெயிலில் ஆவி விட, அந்த ஈரம் மேகத்துக்குத் தீனி போடுகிறது என்று விளக்கமும் கண்டுபிடித்தார். கட்டுரை வெளியானபோது முதற் பெயர் அவருடையது, இரண்டாவது முஸ்பிறாவுடையது. இரண்டு மாநாடுகளுக்கு அதைக் காட்டி அவர் விமானம் ஏறினார். ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

திரையிலிருந்தவர் கேட்டது ஒரே கேள்வி. மறுநாள் வருகிற மழை எப்போதும் அதே மணிக்கே வருகிறதே, அது எப்படி? சம்மாந்துறையில் ஏழே முக்காலுக்கு என்றால் இறக்காமத்தில் இருபத்துநாலு மணித்தியாலமும் இருபது நிமிடமும் கழித்து. ஒரு தரமல்ல, ஐம்பது தரத்துக்கு மேல். நள்ளிரவுக்குப் பிறகு பெய்த மழையில் மட்டும் இந்தத் தாமதம் இல்லை. மேகம் மணிக்கூடு பார்த்து வராது என்றார். யாரோ உட்கார்ந்து நிரப்பிய எண்கள் போல இருக்கின்றன என்றும் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

முஸ்பிறா பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கைமானி விஷயத்தில் தனக்கு ஆரம்பம் முதலே சந்தேகம் இருந்ததாகவும், மாணவியை எச்சரித்ததாகவும் பீடாதிபதிக்குச் சொன்னார். எச்சரிக்கை எதுவும் நடக்கவில்லை. நான்கு வருடத்தில் அவர் இறக்காமத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. முஸ்பிறாவுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. அந்த மேசையில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் பிறகு அவளுக்கு ஆத்திரம் வந்தது.

முடிவைப் பதிவாளர் அலுவலகத்துப் பெண் வாசித்தார். வழி இரண்டு. ஒன்று, அவதானிப்பாளர் தரவுகளைப் புனைந்து எழுதினார் என்று முஸ்பிறா கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலம் தர வேண்டும். நாலாம் அத்தியாயத்தை நீக்கி, மிச்சத்துக்குப் பட்டம் கொடுப்பார்கள், செப்டெம்பர் பட்டமளிப்பு விழாவிலேயே. மற்றது, அத்தியாயத்தை வைத்துக்கொண்டு மறுபரீட்சை கேட்பது. ஆனால் அவளுடைய பதிவுக்காலம் ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் மறுபரீட்சை நடக்காது, காலநீடிப்புக்கு உத்தரவாதமும் இல்லை. பட்டம் போனால், அதைக் காட்டி நிரந்தரமாக வேண்டிய விரிவுரையாளர் வேலையும் போகும். பதில் இருபத்தேழாம் திகதிக்குள், எழுத்தில்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அஹ்ஸனிடம் ஒப்புவித்தாள். அஹ்ஸன் அவள் புருசன். கல்முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு கையெழுத்துத்தானே, வைத்துவிட்டு எட்டு வருடத்தை முடித்துக்கொள் என்றான். அந்த மனுசன் உண்மையிலேயே நிரப்பியிருந்தால் அவளுக்கு என்ன வந்தது என்றும் கேட்டான்.

அதுதான் அவளையும் அரித்தது. உண்மையிலேயே நிரப்பியிருந்தால்? பேராசிரியர் மேலிருந்த ஆத்திரம் மெல்ல முகம் திருப்பி இறக்காமத்தைப் பார்க்கத் தொடங்கியது. குளத்தடியிலும் வயலிலும் கிடக்கிற மனிதர், கிழமை முடிவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கட்டங்களை நிரப்பியிருக்கலாமே. சம்மாந்துறையில் எப்போது பெய்தது என்று யாரையாவது விசாரித்து, அந்த மணியையே ஒருநாள் தள்ளிப் போட்டிருக்கலாமே. தன்னுடைய எட்டு வருடத்தை அவர் அப்படி விளையாடியிருந்தால் நேருக்கு நேர் கேட்காமல் விடுவதில்லை என்று படுத்தாள், அதே நினைப்போடு எழும்பினாள்.

புதன் காலை இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். சம்மாந்துறை தாண்டியதும் கச்சான் காற்று எதிரே நின்று முகத்தில் மண்ணை அள்ளி வீசியது. முன்னால் போன உழவு இயந்திரம் வழி விடவில்லை. அஹ்ஸன் ஹோர்னை அடித்தான். பின்னால் இருந்தவள் இன்னும் அடிக்கச் சொன்னாள்.

ஷரிபுதீன் வளவுக்குள் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். முஸ்பிறாவைக் கண்டதும் எழும்பி, மனைவியைக் கூப்பிட்டு, கதிரை கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி றாஹிலா வாசலுக்கு வந்து, சலாம் சொல்லி, ஆறு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லையே, டொக்டராகிவிட்டால் இறக்காமம் மறந்துபோகுமா என்று பகிடி விட்டார். முஸ்பிறா சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

“மாமா, ஒண்டு கேக்கிறன், உள்ளதச் சொல்லுங்க. இந்த இரவு மழையெல்லாம் நீங்க அளந்து எழுதினதா, இல்லாட்டிச் சும்மா இருந்து நிரப்பினதா?”

மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்த கத்தியை ஷரிபுதீன் கீழே வைத்தார். வைத்துவிட்டு அஹ்ஸனைப் பார்த்தார். அஹ்ஸன் தென்னை மரத்தைப் பார்த்தான்.

“தண்ணிக் கணக்குல பொய் எழுதுறவன இந்த ஊரு பதினொரு வருசம் வட்டவிதானையா வெச்சிரிக்குமா, மகள்?” என்றார். குரல் உயரவில்லை. “முந்தி ரெண்டு பேர் இரிந்தாங்க. ரெண்டு பேரையும் கொலர்ல புடிச்சி எறக்கினாங்க. என்னயும் எறக்க வந்திரிக்கீங்களா?”

றாஹிலா இடையில் புகுந்து, “முன்னுக்குத் தேத்தண்ணியக் குடிங்க, மறுகா சண்டை புடிக்கலாம்” என்று இரண்டு கோப்பைகளை நீட்டினார். அஹ்ஸன் ஒன்றை வாங்கிக்கொண்டான். மற்றது றாஹிலாவின் கையிலேயே ஆறியது.

ஷரிபுதீன் பொரிந்து தள்ளினார். மழை பெய்கிற நேரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டோர்ச் அடித்து அளந்தவர் தான். மகளின் கலியாண வீட்டிலிருந்து பாதியில் எழும்பி வந்து அளந்தவர் தான். காய்ச்சலில் கிடந்தபோது றாஹிலாவை அனுப்பி அளப்பித்து, அதற்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதியவர் தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் இந்தப் பட்டம்தானா என்று கேட்டார். பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரே ஓர் இரவைச் சொல்லுங்கள், எந்த இரவென்றாலும் சரி, பொய்யென்று காட்டுங்கள் என்றார்.

முஸ்பிறா மடிக்கணினியைத் திண்டு மதிலில் வைத்துத் திறந்தாள். பரீட்சகர் திகதி சொல்லிக் குறிப்பிட்ட இரவையே எடுத்தாள். 2022 நவம்பர் நாலாம் திகதி, வெள்ளிக்கிழமை, இரவு எட்டுப் பத்து, முப்பத்துநாலு மில்லிமீற்றர். சம்மாந்துறையில் கருவி பதிந்தது அதற்கு முந்தின நாள், வியாழன், ஏழு ஐம்பதுக்கு.

ஷரிபுதீன் எண்களைக் கேட்டதும் றாஹிலாவைத் திரும்பிப் பார்த்தார். “சுவர் உடைச்ச இரவு” என்றார் றாஹிலா. விதைநெல் வைத்திருந்த அறையின் சுவரை யானை உடைத்து, மூன்று மூடை நெல்லை இழுத்து, மழைக்குள்ளேயே தின்றுவிட்டுப் போன இரவு. அப்படிப்பட்ட இரவில்கூடப் புருசன் மானியை அளந்துவிட்டுத்தான் படுத்ததாகவும், அதற்குத் தான் ஏசியதாகவும் அவர் சொன்னார். விடிந்ததும் ஷரிபுதீன் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதியிருக்கிறார். முறைப்பாட்டுப் பிரதி தகரப் பெட்டிக்குள் இருந்தது. றாஹிலா அதைக் கொண்டுவந்து முஸ்பிறாவின் கையில் கொடுக்காமல் மதில்மேல் போட்டார்.

முஸ்பிறா எடுத்து வாசித்தாள். ‘நேற்றிரவு எட்டு மணியளவில் கடும் மழை பெய்துகொண்டிருந்த வேளையில்’ என்று தொடங்கியது. கீழே முத்திரை. முத்திரைக்குள் திகதி: 2022 நவம்பர் 4. பக்கத்தில் உத்தியோகத்தரின் கையெழுத்தில் காலை 9.15.

இரண்டாம் தரம் வாசித்தாள். திகதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பெய்த மழையைப் பற்றி அதே வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஒருவர் எப்படி முறைப்பாடு கொடுக்க முடியும்?

“மாமா, மழை எந்தக் கிழமை பெஞ்ச?”

“வெள்ளி இரவு.”

“அப்ப முறைப்பாடு?”

“வெள்ளி விடியத்தான். இரவு நடந்தத விடியப் போய்ச் சொல்லாம ஒரு நாள் வெச்சிரிந்தா சொல்லுவாங்க?” ஷரிபுதீனுக்கு அவள் கேள்வியே விளங்கவில்லை. “என்ன புள்ள கதைக்கிறீங்க? பொழுதுபட மஃரிப் பாங்கு சொன்னா அடுத்த நாள் பொறந்திரும்தானே. வியாழக்கிழம பொழுதுபட்டா வெள்ளி இரவு, அது விடிஞ்சா வெள்ளிக்கிழம. இரவு முந்தி, பகல் பிந்தி. நீங்க இஸ்லாமான புள்ளதானே?”

தாள் முஸ்பிறாவின் கையில் இருந்தது. நாலு வருடத் தாள்களும் அவள் கண்முன் விரிந்தன. அவளே வடிவமைத்தது. கிழமைக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டங்கள்: காலை, மாலை, இரவு. திகதி எழுதினால் பிழை விடுவார்கள் என்று கிழமைப் பெயரை அவள்தான் அச்சடித்திருந்தாள். ஷரிபுதீன் வியாழன் பொழுதுபட்டுப் பெய்த மழையை, தன் கணக்குப்படி, வெள்ளி வரிசையில் இரவுக் கட்டத்தில் எழுதினார். அவள் அந்தக் கட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை, இருபது மணி பத்து நிமிடம் என்று தட்டினாள். பொழுதுபட்டதிலிருந்து நள்ளிரவு வரை பெய்த ஒவ்வொரு மழையும் அவள் விரலால் ஒருநாள் தள்ளிப்போனது. நள்ளிரவுக்குப் பிந்தியவை மட்டும் தப்பின. அந்தப் பரீட்சகர் கேட்டது சரிதான். மேகம் மணிக்கூடு பார்க்கவில்லை.

“மொதல் மாசமே சொன்னேனே” என்றார் ஷரிபுதீன். “இரவுக் கட்டத்த முன்னுக்குப் போடுங்க, அது பின்னுக்கு இரிந்தா எழுதக் கைக்கு வருதில்ல எண்டு. அச்சடிச்சிட்டம், இனி மாத்த ஏலா எண்டீங்க.”

சொல்லியிருந்தார். அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வயலில் வேலை செய்கிறவருக்கு அச்சடித்த படிவத்தோடு வரும் தடுமாற்றம் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

சிரிப்பு இப்போது அஹ்ஸனிடமிருந்து வந்தது. கோப்பையை மதிலில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் நீதானே எனக்கு ஃபோன் எடுத்துச் சொல்ற, இண்டைக்கு வெள்ளி இரவு, யாசீன் ஓதனும், கடைய நேரத்தோட பூட்டிட்டு வாங்க எண்டு. நாலு வருசமாச் சொல்ற. டொக்டர் அம்மாவுக்கு வீட்டுல ஒரு கிழம, கம்பியூட்டர்ல ஒரு கிழம.”

“வாய மூடுங்க” என்றாள் முஸ்பிறா.

யார்மேல் எரிந்து விழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டு ஒரு மனிதரின் முற்றத்தில் நின்றிருந்தாள். மன்னிக்கச் சொல்லி வாயைத் திறந்தபோது ஷரிபுதீன் கையைக் காட்டி நிறுத்தினார். மன்னிப்பெல்லாம் பிறகு, முதலில் அந்தக் கொழும்புக்காரருக்கு யார் பொய்யன் என்று எழுதி அனுப்புங்கள் என்றார். அவருடைய கோபம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. முறைப்பாட்டுப் பிரதியைப் படமெடுத்துக்கொண்டு அவள் புறப்படும்போது அவர் திரும்பவும் மண்வெட்டிப் பிடியைச் சீவத் தொடங்கியிருந்தார், நிமிர்ந்து பார்க்காமல். படலை வரைக்கும் வந்தது றாஹிலா மட்டும்.

புதன் பின்னேரமும் வியாழன் முழுக்கவும் முஸ்பிறா தாள்களோடு கிடந்தாள். இருநூற்றெட்டுத் தாள்கள். ஒவ்வொரு நாளின் பொழுதுபடும் நேரத்தையும் எடுத்து, அதற்கும் நள்ளிரவுக்கும் இடையில் விழுந்த மழைகளைப் பிரித்தாள். அறுபத்தொன்று. ஒவ்வொன்றையும் ஒருநாள் முன்னே நகர்த்தி, சம்மாந்துறைக் கருவியின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐம்பத்தெட்டு, சம்மாந்துறை மழைக்குக் கால் மணித்தியாலத்திலிருந்து நாற்பது நிமிடம் பிந்தியவையாக, கச்சிதமாகப் பொருந்தின. மூன்று பொருந்தவில்லை. மூன்றும் பொழுதுபடும் நேரத்தை ஒட்டிப் பெய்தவை. பாங்குக்கு முந்தியா பிந்தியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் மழை என்று ஒன்று இருக்கவில்லை. கடற்காற்று கல்முனையில் ஏறி, சம்மாந்துறையைத் தாண்டி, அதே இரவே இறக்காமத்தில் மழையை இறக்கியிருக்கிறது. பேராசிரியர் பெயர் வைத்த அந்தப் புதினத்துக்காக அவள் செலவிட்ட மூன்று வருடமும், வரைந்த நாற்பது வரைபடங்களும், நனைந்த மண் ஆவி விட்ட கதையும் மண்ணோடு மண். ஆனால் கையால் அளந்த ஒரு மனிதரின் எண்கள் பல லட்சம் ரூபாய்க் கருவியோடு நிமிடக் கணக்கில் பொருந்தி நின்றன. பரீட்சகர் பொய்யென்று நினைத்த தரவு, அவள் கையில் இருந்த மூன்றில் ஆகக் கவனமாக எழுதப்பட்ட தரவு.

சனிக்கிழமை காலை அதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனாள். பேராசிரியர் முபாறக் மருதமுனையில் பிறந்து, அங்கேயே வீடு கட்டி, அங்கேயே இருப்பவர். முன்விறாந்தையில் உட்காரவைத்து, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். முறைப்பாட்டுப் பிரதியைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அட்டவணையின் கடைசிப் பக்கம் வந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே முஸ்பிறா அறிந்தாள். விளங்கிய மனிதர் சந்தோஷப்படுவார் என்று அவள் ஒரு மடத்தனத்தில் காத்திருந்தாள்.

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். இதை வெளியே விடக்கூடாது என்றார். அவதானிப்பாளர் புனைந்தார் என்றால் ஏமாற்றப்பட்டவர்கள் நாங்கள். யார் தலையிலும் குற்றம் வராது, கட்டுரையை ஓர் அறிவித்தலோடு மீளப் பெற்றுக்கொள்ளலாம். கிழமைக் கணக்கை மாற்றிப் போட்டோம் என்றால், இந்த ஊரிலே பிறந்து வளர்ந்த இரண்டு முஸ்லிம்கள் வெள்ளி இரவு எது என்று தெரியாமல் ஓர் ஆய்வு செய்தோம் என்றாகும். மாநாட்டில் கைதட்டியவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவளுடைய பட்டம் போய்விடும். அவருடைய பேரும்.

“அந்த மனுசன் இந்த ஆய்வேட்ட வாசிக்கப் போறாரா?” என்றார். “இங்கிலீசில ரெண்டு வரி. அவருக்கு என்ன குறையப் போகுது, முஸ்பிறா?”

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் வராத வாய் இப்போது அவளுக்கு வந்தது.

“சேர், நீங்க வெள்ளி இரவு யாசீனுக்கு எந்தக் கிழம பள்ளிக்குப் போறீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முந்தாநாள் போயிரிப்பீங்க. வியாழக்கிழம. நாலு வருசமா ஒவ்வொரு வியாழனும் போயிட்டு வந்துதான் என்ட வரைபடத்துக்குக் கையெழுத்து வெச்சீங்க. நானும் அப்படித்தான். நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பிழைய இறக்காமத்துல மழைக்குள்ள நனைஞ்ச ஒருத்தர்ட தலையில கட்டச் சொல்றீங்க. என்னய எச்சரிச்சதாவும் சொன்னீங்க, எல்லாருக்கும் முன்னால.”

யோசித்துச் செய், பிறகு வருந்தாதே என்ற மாதிரி ஏதோ சொன்னார். அவள் தாள்களை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தாள். உள்ளேயிருந்து அவர் மனைவி பிளேன்டீத் தட்டோடு வந்து, ஆளில்லாத கதிரையைப் பார்த்து நின்றார்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதற் பிரதி நாலு பக்கம் போனது. பேராசிரியர் சொன்னது, சொல்லாமல் விட்டது, விமானம் ஏறியது, குளிரூட்டியின் கீழ் உட்கார்ந்தது, கதவோரம் அவளை உட்காரவைத்தது எல்லாம் அதில் இருந்தன. அஹ்ஸன் வாசித்துவிட்டு, இது கடிதமில்லை, கல்லெறி. வாசிக்கிறவர் தலையைக் காப்பாற்றப் பார்ப்பாரே தவிர விஷயத்தைப் பார்க்கமாட்டார் என்றான். அவளுக்கு அவன்மீதும் கோபம் வந்தது. ஆனாலும் கிழித்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இருந்து எழுதிய இரண்டாவது ஒன்றரைப் பக்கத்தில் நின்றது. பந்திகளுக்கு இலக்கமிட்டாள்.

முதலாவது பந்தி, அவதானிப்பாளர் திரு. ஷரிபுதீன் எழுதிய கிழமையும் நேரமும் அளவும் அவர் பின்பற்றும் நாட்கணக்கின்படி சரியானவை. அதை ஆங்கிலத் திகதியாக மாற்றிய பிழை முழுவதும் என்னுடையது, மேற்பார்வையில் அது கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டாவது, படிவத்தின் அமைப்புப் பற்றி அவர் முதல் மாதமே ஆட்சேபித்தார், நான் கேட்கவில்லை. மூன்றாவது, திருத்தியபின் அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு பொருந்துகின்றன, மூன்று பொருந்தவில்லை. அட்டவணையும் முறைப்பாட்டுப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. நாலாவது, ‘மறுநாள் மழை’ என்ற முடிவை நான் மீளப்பெறுகிறேன், சஞ்சிகை ஆசிரியருக்கும் இன்றே அறிவிக்கிறேன். ஐந்தாவது, கோரப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்திட மறுக்கிறேன், அது பொய். ஆறாவது, திருத்திய நாலாம் அத்தியாயத்தோடு மறுபரீட்சை கேட்கிறேன். என் பதிவுக்காலம் எப்போது முடிகிறது என்பதை அறிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

“இந்த அஞ்சாவதுல ‘அது பொய்’ எண்டத மட்டும் எடுத்தா என்ன?” என்று கேட்டான் அஹ்ஸன். “கொஞ்சம் மெதுவா இரிக்கும்.”

“அது கிடக்கட்டும்.”

“செப்டெம்பருக்குத் தச்ச சாரி?”

“பெருநாளைக்கு உடுக்கன்.”

அவன் கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த பழுப்பு உறைகள் மூன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை, இருபத்துமூன்றாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு முஸ்பிறா கல்முனைத் தபால் கந்தோரில் இருந்தாள். மூன்று உறைகள். ஒன்று பதிவாளருக்கு, ஒன்று கொழும்பிலிருக்கும் பரீட்சகருக்கு, ஒன்று பேராசிரியருக்கு. நாலாவது பிரதியை அவள் உறைக்குள் போடவில்லை. அதைத் தமிழில் எழுதியிருந்தாள். பின்னேரம் இறக்காமத்துக்கு நேரே கொண்டுபோய், ஷரிபுதீன் நிமிர்ந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், வாசித்துக் காட்டுவதென்று பையில் வைத்திருந்தாள்.

பதிவுத் தபால் கருமபீடத்தில் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். மின்விசிறி காற்றுக்குக் கடிதங்கள் பறந்துவிடாமல் உத்தியோகத்தர் ஓர் இரும்புக் கட்டியைப் பாரம் வைத்திருந்தார். முறை வந்ததும் உறைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, பேராசிரியரின் விலாசத்தை வாசித்துவிட்டு, மருதமுனைதானே, பக்கத்து ஊர், பஸ்ஸில் போய்க் கையிலேயே கொடுத்துவிடலாமே, ஏன் பதிவுத் தபால் என்று கேட்டார். கிடைத்ததென்று அவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள் முஸ்பிறா.

உத்தியோகத்தர் முத்திரைகளைக் கிழித்துக் கொடுத்தார். ஓரத்து மேசையில் பசைக் கிண்ணம் இருந்தது, பாதி காய்ந்து. விரலால் அள்ளி, பதிவாளருக்குரிய உறையின் வாயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூசி, மடித்து, முழங்கையை ஊன்றி அழுத்தி, முத்திரையை ஒட்டினாள். அடுத்தது. அடுத்தது. மூன்றாவதன் ஓரம் கிளம்பியது. திரும்பவும் பூசி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அமர்த்திப் பிடித்தாள்.

கருமபீடத்துக்குள் தள்ளினாள். அவர் இலக்கச் சீட்டுகளை ஒட்டி, மூன்றின்மேலும் திகதி முத்திரையை ஓங்கிக் குத்தி, பற்றுச்சீட்டுகளை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, உறைகளில் ஒன்றைக் கொழும்புப் பையிலும், மற்ற இரண்டை உள்ளூர்ப் பையிலுமாகப் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.